தலை திரும்பும் நேரம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மெய்நிகர் ஹெட்செற் கடை வழியாக வருவது அருமை. நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற உறவினரின் சூட்கேசுக்குள், சொக்லேற் பைகளுக்கும் சம்பூப் போத்தல்களுக்கும் நடுவே அது வந்து சேரும். வந்த அன்று பின்னேரமே நடு அறைக் கதிரைகள் விறாந்தைக்குப் போய்விடும். பொடியளுக்கு முதல் முறை, பிறகு பெரியாக்கள், கடைசியாக, "எனக்கு உந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்" என்று மூன்று தரம் மறுத்துவிட்டு மாமி. கழற்றியதும் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லார் வாயிலும் வருவது ஒரே வசனம்: "உண்மை மாதிரியே கிடக்கு."

இந்த வசனத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் உள்ளே தெரிகிற படம் உண்மை மாதிரி இல்லை. வீடுகளில் அதிகம் புழங்கிய குவெஸ்ட் 2 என்ற கருவி 2020 அக்டோபரில் வெளியானது. அதில் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 புள்ளிகள். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும், அந்தப் புள்ளிகள் கண்ணின் பார்வைப் பரப்பு முழுவதிலும் இழுத்து விரிக்கப்படுவதால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 20 புள்ளிகளே மிஞ்சும். நல்ல கண் ஒரு பாகைக்குள் 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். அதே அறையில் சுவரோடு நிற்கிற புதிய ரி.வி. கூர்மையில் ஹெட்செற்றைவிடப் பல மடங்கு மேல். மரங்கள் பொம்மை மரங்கள். மனிதர்களுக்குப் பெரும்பாலும் கால்களே இல்லை. ஆனாலும் அந்த ரி.வி.யைப் பார்த்து ஒருவரும் குனிந்து விலகியதில்லை. ஹெட்செற்றுக்குள் ஒரு பொம்மை மீன் முகத்துக்கு நேரே நீந்தி வந்தால் மாமி தலையைப் பின்னுக்கு இழுக்கிறார்.

ஆக, நம்பவைக்கிற வேலையைப் படம் செய்யவில்லை. வேறொன்று செய்கிறது. தலையைத் திருப்பினால் உலகம் நின்ற இடத்தில் நிற்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

படத்துக்கு ஆழம் கொடுக்கிற வித்தை மிகப் பழையது. 1838இல் லண்டனில் சார்ல்ஸ் வீற்ஸ்ரன் என்ற இயற்பியலாளர் இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்து, இடது கண்ணுக்கு ஒரு கோட்டுப்படமும் வலது கண்ணுக்குச் சற்றே வேறுபட்ட இன்னொரு கோட்டுப்படமும் காட்டினார். இரண்டும் மூளையில் ஒன்றாகி, காகிதத்தில் இல்லாத ஆழம் எழுந்து நின்றது. நம்முடைய இரண்டு கண்களுக்கும் இடையில் சராசரியாக 63 மில்லிமீற்றர் தூரம். அந்த இடைவெளியால் இரு கண்களும் காண்பதில் ஏற்படுகிற சின்ன வித்தியாசத்திலிருந்தே மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது என்பதை அவர் நிறுவினார். புகைப்படக்கலை வந்ததும் அது ஐரோப்பிய வரவேற்பறைகளின் பொழுதுபோக்கானது. 1939இல் வந்த வியூ-மாஸ்ரர் அதையே பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது. வட்டத் தட்டைச் செருகி, நெம்புகோலை அழுத்தி, நயாகராவையும் சிங்கத்தையும் பார்த்த தலைமுறை நம்மிடையேயும் உண்டு. அதில் ஆழம் இருந்தது, ஆனால் யாரும் நயாகராவில் நின்றதாக உணரவில்லை. தலையைத் திருப்பினால் நயாகராவும் கூடவே திரும்பிவிடும்.

1968இல் இவான் சதர்லண்ட் செய்ததுதான் திருப்பம். அமெரிக்கக் கணினி விஞ்ஞானியான அவரும் அவருடைய மாணவர் பொப் ஸ்ப்ரோலும் தலையில் அணிகிற ஒரு காட்சிக்கருவியை உருவாக்கினார்கள். அதன் எடை கழுத்தை முறித்துவிடும் என்பதால் கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கையில் அதைத் தொங்கவிட்டார்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு நகர்ந்தது என்பதை அளந்ததும் அந்தக் கைதான். காட்டிய படமோ வெறும் கோடுகளால் ஆன பெட்டி. நிறமில்லை, நிழலில்லை. ஆனால் பார்ப்பவர் நகர்ந்தால் பெட்டி அந்தரத்தில் தன் இடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தால் பக்கவாட்டு முகம் தெரிந்தது. மெய்நிகர் என்ற துறை அந்தக் கோட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பகுதி எடையையும் விலையையும் குறைத்த கதை.

விலையைக் குறைத்தது எது என்றால், கைத்தொலைபேசி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஹெட்செற் செய்தவர்கள் ஆய்வுகூடங்களுக்கும் படைத்துறைக்கும் விற்றார்கள். வீட்டுக்கென்று 1995இல் நின்ரென்டோ விட்ட வேர்ச்சுவல் போய் என்ற சிவப்புத் திரைக் கருவி தலை அசைவை அளக்கவே இல்லை. சீக்கிரமே கடையை விட்டுப் போனது. பிறகு கோடிக்கணக்கில் போன்கள் செய்யப்பட்டபோது, மெல்லிய திரையும் அசைவை உணரும் சில்லும் காய்கறி விலைக்கு வந்தன. போனைச் சாய்த்தால் படம் சாய வேண்டும் என்பதற்காக வைத்த சில்லு அது. கலிபோர்னியாவில் பாமர் லக்கி என்ற இளைஞர் அந்தப் பாகங்களைச் சேர்த்து ஒக்குலஸ் என்ற கருவியின் மாதிரியைச் செய்து, 2012இல் பொதுமக்களிடம் ஏறத்தாழ 24 இலட்சம் டொலர் திரட்டினார். இரண்டு வருடத்தில் பேஸ்புக் அதை ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2019இல் கணினியும் கம்பியும் தேவைப்படாத முதல் குவெஸ்ட் வந்தது. சூட்கேசுக்குள் அடங்குவது அப்போதிருந்துதான்.

இனி, கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொண்டே ஒரு சோதனை செய்யுங்கள். கையை நீட்டிப் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். தலையை அசைக்காமல் புத்தகத்தை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள், செக்கனுக்கு இரண்டு தரம் போல. எழுத்துகள் கலங்கிவிடும். இப்போது புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை 'இல்லை, இல்லை' என்று ஆட்டுங்கள். வாசிக்கலாம். கண்ணுக்கு முன்னால் நடக்கும் அசைவு இரண்டிலும் ஒரே அளவு. இரண்டாவதில் உட்செவி உதவிக்கு வருகிறது.

உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. உள்ளே திரவம். தலை திரும்பும்போது கால்வாய் திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். பின்தங்கும் திரவம் ஒரு மெல்லிய மடலைத் தள்ள, அதிலுள்ள மயிர்க்கலங்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும். பக்கத்திலேயே இரண்டு சின்னப் பைகள். அவற்றில் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் ஒரு கூழின் மேல் படிந்திருக்கும். தலை சாய்ந்தாலோ, முன்னே பாய்ந்தாலோ, அந்தச் செவிக்கற்கள் சரிந்து அதைத் தெரிவிக்கும். (இதையெல்லாம் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்துக்குக் கூச்சம் வேண்டியதில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலைத் தமிழில் கற்பித்தவர்.) செவியின் செய்தி கிடைத்த சுமார் 10 மில்லிசெக்கனுக்குள், தலை திரும்பியதற்கு எதிர்ப்பக்கமாக, அதே அளவுக்குக் கண் திரும்பிவிடுகிறது. சிந்தனை இதில் தலையிடுவதே இல்லை. உடலின் மிக வேகமான அனிச்சைகளில் ஒன்று இது. நடக்கும்போதும் பஸ் குலுங்கும்போதும் உலகம் ஆடாமல் தெரிவது இதன் புண்ணியத்தில்தான்.

ஹெட்செற் செய்பவரின் தலைவலி இங்கே ஆரம்பிக்கிறது. தலை திரும்பியதும் கண் எதிர்ப்பக்கம் போய்விட்டது. கண் போய்ச் சேர்ந்த நேரத்தில் படமும் அங்கே இருக்க வேண்டும். ஆனால் கருவி முதலில் அசைவை அளக்க வேண்டும், பிறகு படத்தை வரைய வேண்டும், பிறகு திரையில் ஒளிர வைக்க வேண்டும். சாதாரணமாக ஒருவர் பக்கத்திலிருப்பவரைப் பார்க்கத் திரும்பும் வேகம் செக்கனுக்கு 100 பாகை என்று வையுங்கள். கருவி 100 மில்லிசெக்கன் பிந்தினால் படம் 10 பாகை தள்ளித் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. அப்படியானால் பத்துச் சுண்டுவிரல் அகலத்துக்கு உலகம் வழுக்கிப் போய், பிறகு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்பும் ஒவ்வொரு தரமும். 20 மில்லிசெக்கனுக்குள் கொண்டுவந்தால்தான் பெரும்பாலானோர் கவனிக்க மாட்டார்கள் என்பது துறையில் நிலைபெற்ற கணக்கு.

இந்த 20ஐ எட்டிய விதம், என் பார்வையில், படத்தின் அழகைவிடப் பல மடங்கு வியப்பானது. சில்லு செக்கனுக்கு ஆயிரம் தரம் தலையை அளக்கிறது. அதில் இரண்டு உறுப்புகள் உண்டு: சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப், ஆர்முடுகலை அளக்கும் மானி. அரைவட்டக் கால்வாயும் செவிக்கல்லும் செய்கிற அதே இரண்டு வேலைகள். அதோடு, கருவி எதிர்காலத்தையும் கொஞ்சம் பார்க்கிறது. மனிதத் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. அதன் மேல் ஹெட்செற் இன்னும் அரைக் கிலோ. அவ்வளவு பாரத்தைக் கழுத்துத் தசைகளால் சட்டென நிறுத்தவோ திருப்பவோ முடியாது. ஆகவே இந்தக் கணத்தில் தலை போகிற வேகம் தெரிந்தால், இன்னும் 20, 30 மில்லிசெக்கனில் அது எங்கே இருக்கும் என்பதைப் பெரிய பிழையில்லாமல் சொல்லலாம். கருவி அந்த எதிர்காலத் தலைக்காகப் படம் வரைகிறது. வரைந்து முடித்த பிறகும் விடுவதில்லை. திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில் தலையை இன்னொரு தரம் அளந்து, கணிப்பு பிசகியிருந்தால் முழுப் படத்தையும் அதற்கேற்ப நகர்த்திவிடுகிறது. திரையும் முழு நேரம் எரிவதில்லை. செக்கனுக்கு 90 படங்கள் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 11 மில்லிசெக்கன். அதில் ஒன்றிரண்டு மில்லிசெக்கன் மட்டும் மின்னி, மிச்ச நேரம் இருட்டு. தொடர்ந்து எரிந்தால், திரும்பும் கண்ணில் படம் இழுபட்டுக் கறையாகும். கண் முன்னால் பெரும்பகுதி நேரம் இருட்டுத்தான் என்று மாமியிடம் சொன்னால் நம்பவே மாட்டார்.

கணிப்பின் கணிதத்தை ஒக்குலஸில் எழுதியவர்களில் ஒருவர் ஸ்ரீவன் லவாலே. ரோபோக்களின் வழிகண்டுபிடிப்பில் பேர்பெற்ற பேராசிரியர். அவர் 2015இல் சென்னை ஐ.ஐ.ரி.க்கு வந்து மெய்நிகர் பற்றிய முழுப் பாடநெறியையும் நடத்தினார். அந்த விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளைக்குப் பெரும்பகுதி பிடிபடும். எதிர்பார்ப்புக்கு மாறாக, அவை கணினியைப் பற்றி மட்டுமல்ல, கண்ணையும் காதையும் பற்றியும் நிறையப் பேசுகின்றன.

சில்லு மட்டும் போதாது. ஜைரோஸ்கோப் சுழற்சி வேகத்தைக் கூட்டிக் கூட்டியே திசையைக் கண்டுபிடிக்கிறது. சின்னப் பிழைகளும் சேர்ந்து கூடிவிடும். இடம்விட்டு இடம் நகர்ந்ததை அறிவது இன்னும் கடினம். அதனால் ஹெட்செற்றின் முகப்பில் நாலு கமராக்கள் இருந்து அறையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மேசை முனை, ஜன்னல் கம்பி, கதவு நிலை என்று கூர்மையான புள்ளிகளைப் பொறுக்கி, அவை எப்படி நகர்கின்றன என்பதிலிருந்து தலை எங்கே நிற்கிறது என்று கணக்கிடுகின்றன. இங்கேதான் யாழ்ப்பாண வீடு கதைக்குள் நுழைகிறது. புதிதாகப் பெயின்ற் அடித்த வெறும் வெள்ளைச் சுவர் கமராவுக்கு ஒன்றுமே சொல்லாது. சுவரில் முருகன் கலண்டர், கலியாணப் படம், பேரப்பிள்ளையின் பட்டமளிப்புப் படம் எல்லாம் நெருக்கியடித்துத் தொங்கும் வீடு கமராவுக்கு விருந்து. அலுமாரிக் கண்ணாடி மட்டும் ஆகாது. கண்ணாடிக்குள் தெரியும் அறையையும் அது உண்மையான அறை என்று எடுத்துக்கொள்ளும்.

வெளிச்சத்திலும் ஒரு சிக்கல். இலங்கையின் ஆடலோட்டத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் வைத்த ரியூப் லைற் ஓட்டத்தின் இரு திசைகளிலும் ஒளிர்வதால், செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, கமராவுக்குத் தெரியும். வட அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அந்த ஒளித்துடிப்புக்கு இசைவாகப் படமெடுக்கும்படி அமைந்த கமரா நம் ரியூப் லைற்றின் கீழ் ஒரு படத்தைப் பிரகாசமாகவும் அடுத்ததை மங்கலாகவும் எடுக்கும். பொறுக்கிய புள்ளிகள் தொலையும், உலகம் மெல்ல நடுங்கும். எங்கள் வீட்டுக்கு வந்த ஹெட்செற்றில் இது நடந்தது. அமைப்புப் பக்கத்தில் 60ஐ 50 ஆக்கியதும் நின்றுவிட்டது. "லைற்றை நூத்துப்போட்டுப் பாப்பம்" என்ற யோசனை இதற்கு உதவாது. இருட்டில் கமரா குருடு.

விளையாடும் எல்லையைத் தரையில் கன்ரோலரால் கோடு கீறிக் குறிக்கலாம். கோட்டை நெருங்கினால் கண்முன் ஒரு வலைச் சுவர் எழும்பி எச்சரிக்கும். தரையை அறிந்த அந்த ஏற்பாட்டுக்கு மேலே சுற்றுகிற ஃபான் தெரியாது. புழுக்கத்தில் ஃபானை நூர்த்துவிட்டு ஒருவரும் விளையாட மாட்டார்கள். பதிவாகத் தொங்கும் ஃபானுக்குக் கீழே கையை உயர்த்தி, விளையாட்டில் வந்த ஒரு கட்டையை வெட்டிய மருமகனின் கன்ரோலர் விறாந்தை வரை பறந்தது. கைக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். சதர்லண்டின் காலத்திலும் கூரையில் தொங்கியதுதான் ஆபத்து என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெயிலும் ஒரு எதிரி. ஹெட்செற்றின் வில்லைகள் உண்மையிலேயே பூதக்கண்ணாடிகள்தான். வில்லை மேலே பார்க்க ஜன்னலோரம் வைத்தால், காலை வெயில் அதனூடே குவிந்து உள்ளேயுள்ள திரையைச் சுட்டுவிடும். விளையாடாத நேரம் பெட்டிக்குள் வைப்பது நல்லது, அல்லது பழைய சாரத்துண்டு ஒன்றால் மூடலாம்.

முதல் நாளின் மற்ற அனுபவம் தலைச்சுற்று. நின்ற இடத்தில் நின்று மீன் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கார் ஓட்டம், ரோலர் கோஸ்ரர் என்று ஏதாவது போட்டவர்கள் சில நிமிடத்தில் வெளிறிப்போய், வியர்த்து, "சத்தி வரப் பாக்குது" என்று கதிரையைத் தேடுவார்கள்.

தீவகத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். கீழ்த்தட்டில் இடம் கிடைத்தவர்கள் டீசல் மணத்துக்குள் பலகையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அவர்களில் பாதிப்பேர் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பார்கள். மேலே நின்று தொடுவானைப் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. "தூரத்தைப் பாருங்கோ" என்று படகுக்காரர் சொல்வது சரியான உடலியல். கீழ்த்தட்டில் செவி 'ஆடுகிறோம்' என்கிறது. கூடவே ஆடும் பலகையைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. தொடுவானைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஹெட்செற்றில் இதே முரண்பாடு தலைகீழாக நிற்கிறது. ரோலர் கோஸ்ரரில் கண் 'பாய்கிறோம்' என்கிறது. சீமெந்துத் தரையில் நிற்கிற உடம்பின் செவியோ 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிறது. படகில் மயங்காத கடலோடி கூட ஹெட்செற்றில் மயங்கலாம். அவர் பழகியது வேறொரு முரண்பாட்டுக்கு.

குற்றவாளி செவிதான் என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை வைத்தியர்கள், விண்வெளிப் பயணத்துக்கு ஆயத்தமாக, வாஷிங்டனிலுள்ள செவிப்புலன் அற்றோருக்கான கலோடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் மூளையுறை அழற்சி நோயால் செவிப்புலனோடு உட்செவியின் சமநிலை உணர்வும் போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் அவர்களை ஒரு கப்பலில் கொண்டுபோனபோது, சோதிக்க வந்த ஆய்வாளர்கள் சுருண்டு படுத்துவிட்டார்கள். சோதனையையே கைவிட வேண்டியதாயிற்று. அந்தப் பதினொரு பேரும் காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முரண்பாடு வந்தால் ஏன் வயிறு புரள வேண்டும்? 1977இல் மிஷெல் ட்ரீஸ்மன் ஒரு விளக்கம் சொன்னார். இயற்கையில் கண்ணும் செவியும் முரண்படுவது நஞ்சு உள்ளே போனால்தான். ஆகவே மூளை வயிற்றைக் காலியாக்கப் பார்க்கிறது. அழகான கருதுகோள், நிரூபிப்பது கடினம். காரணம் எதுவானாலும் பரிகாரம் ஒன்றுதான்: வயிறு முதல் சமிக்ஞை தந்ததும் கழற்றுங்கள். 'கொஞ்சம் சமாளிப்போம்' என்று வீம்புக்கு நிற்பவர்களுக்கு அது மணிக்கணக்கில் நீளும். சிலர் நாளுக்கு ஐந்து பத்து நிமிடமாகப் பழகிக்கொள்கிறார்கள். கழற்றிய கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறை வீதியில் இறங்குவது மட்டும் கூடாது. சமநிலை உணர்வு வீடு திரும்பச் சற்று நேரமாகும்.

கண்ணும் செவியும் ஒத்துப்போய்விட்டால் மிச்ச உடம்பு கேள்வி கேட்பதில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மெய்நிகர்க் குழி செய்திருந்தார்கள். அறையின் நடுவே தரை இல்லை. ஆறு மீற்றர் கீழே இன்னொரு அறை தெரியும். விளிம்பில் நிற்பவர்களின் இதயத்துடிப்பை அளந்தார்கள். 2003இல் வெளிவந்த ஆய்வில், படம் 90 மில்லிசெக்கன் பிந்திய குழுவைவிட 50 மில்லிசெக்கன் மட்டும் பிந்திய குழுவின் இதயம் கூடுதலாக அடித்தது. படம் ஒன்றே, குழியும் ஒன்றே. பயத்தைக் கூட்டியது 40 மில்லிசெக்கன். குழியின் விளிம்பில் ஒரு உண்மையான மெல்லிய பலகையை வைத்துக் காலை அதன் ஓரத்தில் ஊன்றச் செய்தால் பயம் இன்னும் ஏறும் என்பதையும் அதே ஆய்வுகூடம் காட்டியது. வீட்டில் செய்து பார்க்கலாம்: உயரமான கட்டடத்தில் பலகை மேல் நடக்கும் விளையாட்டைப் போட்டுவிட்டு, தரையில் ஒரு துண்டுப் பலகையை வையுங்கள். விழுந்தாலும் ஒரு அங்குலம்தான் என்று நன்றாகத் தெரிந்த ஆண்கள் பலகையை விட்டு இறங்க மறுப்பதைப் பார்க்கலாம்.

லண்டனில் பணிபுரிந்த மெல் ஸ்லேற்றர் என்ற ஆய்வாளர் இதை இரண்டாகப் பிரித்தார். 'நான் அந்த இடத்தில் இருக்கிறேன்' என்பது ஒன்று. 'இங்கே நடப்பது உண்மையில் நடக்கிறது' என்பது இன்னொன்று. முதலாவதைக் கருவி கொடுக்கிறது. இரண்டாவதில் பார்ப்பவரின் சொந்த நினைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. எங்கள் நடு அறையில் அது ஒரு விளையாட்டின் முன்னோட்டத்தில் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு ஹெலி எழும்பி, தலைக்கு மேலே தாழ்வாகப் போகும். போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பொடியள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். தொண்ணூறுகளை இங்கேயே கழித்த மாமா சத்தம் பின்னால் எழும்பிய உடனேயே, ஹெலி கண்ணில் படுமுன்பே, குந்தியிருந்துவிட்டார். பிறகு தானே கழற்றி, "உதை அவையளே பாக்கட்டும்" என்று மேசையில் வைத்தார். படம் அவருக்குத் தேவைப்படவில்லை. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சத்தம் சொன்னதே போதுமாயிருந்தது.

போர் யாழ்ப்பாணத்து மனங்களில் என்ன செய்தது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூலாக எழுதியிருக்கிறார். உலகின் வேறு இடங்களில் இதே கருவி மருந்தாகவும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பார்பரா ரொத்பாம், லரி ஹொட்ஜஸ் ஆகியோரின் குழு 1995இல் உயரப் பயத்துக்கு மெய்நிகர் சிகிச்சையைப் பரிசோதித்தது. சில வருடங்களில் வியட்நாமில் போரிட்ட சிப்பாய்களுக்கு ஒரு மெய்நிகர் ஹெலியையும் காட்டு வெளியையும் உருவாக்கியது. நோயாளி அஞ்சுவதையே சிறிது சிறிதாகக் காட்டி, அருகில் சிகிச்சையாளர் இருந்து அளவைக் கூட்டிக் குறைத்துப் போவது அந்த முறை. வீட்டு ஹெட்செற்றோடு அந்தச் சிகிச்சையாளர் வருவதில்லை. நாற்பது வயதைக் கடந்த உறவினருக்கு முதலில் கடலடிக் காட்சியைப் போடுங்கள் என்பது என் கட்சி. சுடும் விளையாட்டை அவர்களாகக் கேட்டால் பார்க்கலாம்.

பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் முதலில் கேட்பது கண்ணைப் பற்றி. ஹெட்செற்றில் ஒரு தீராத பொருத்தமின்மை உண்டு. பக்கத்தில் வரும் பொருளைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் வில்லைகள் திரையைச் சில அடி தூரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தியிருப்பதால், குவியம் அங்கேயே நிற்க வேண்டும். இயற்கையில் ஒன்றாக நடக்கும் இரண்டு வேலைகளும் பிரிந்துவிடுகின்றன. கண் களைப்பதும், முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்த மெய்நிகர்க் காகிதத்தை வாசிக்க முடியாமல் போவதும் இதனால்தான். சின்னப் பிள்ளைகளின் கண்ணிடைத் தூரம் பல கருவிகளின் குறைந்த அளவுக்கும் குறைவு. படம் அவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது. குவெஸ்ட் கருவிகளுக்கு 13 ஆக இருந்த வயதெல்லையை, மெட்டா எனப் பெயர் மாறிய பேஸ்புக் நிறுவனம் 2023இல் பெற்றோர் மேற்பார்வையோடு 10 ஆகக் குறைத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிட்டுப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்தலாம்.

கண்ணை ஏமாற்றக் கற்ற தொழில் செவியை ஏமாற்ற இன்னும் கற்கவில்லை. அதனால் விளையாட்டுகளே செவிக்கு அடங்கி வடிவெடுத்திருக்கின்றன. 2018இல் வெளிவந்து வீட்டு மெய்நிகரின் மிகப் பெரிய வெற்றியான பீற் சேபரைப் பாருங்கள். செக் நாட்டு நிறுவனம் ஒன்று செய்தது. விளையாடுபவர் நின்ற இடத்தை விட்டுப் பெரிதாக நகர்வதில்லை. தாளத்துக்கேற்பக் கட்டைகள் அவரை நோக்கி வருகின்றன. நகர்ந்தே ஆக வேண்டிய விளையாட்டுகளில், போக வேண்டிய இடத்தைச் சுட்டினால் கண்சிமிட்டும் நேரத்தில் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். நடுவே பயணம் கிடையாது. அல்லது நகரும்போது மட்டும் பார்வையின் ஓரங்களைக் கறுப்பாக்கிச் சுருக்குகிறார்கள். அசைவை அதிகம் உணர்வது ஓரக்கண் என்பதால் இது உதவுகிறது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 2016இல் இதைச் சோதித்தபோது, சுருக்கம் மெதுவாக நடந்ததால் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

இங்கத்தைய கணினிப் பிள்ளைகள் யாராவது நெடுந்தீவுப் படகை விளையாட்டாக்க நினைத்தால், செய்ய வேண்டியவை ஓரளவு தெளிவு. படகின் அணியத்தையும் ஓரப்பலகையையும் எப்போதும் கண்ணில் படும்படி பெரிதாக வைக்க வேண்டும். அசையாத ஒரு சட்டம் கூடவே இருந்தால் மூளை ஆறுதலடையும். தொடுவானம் மறையக் கூடாது, அது சாயவும் கூடாது. தலை சாயாத நேர்ப் பயணத்தில் செவிக்கற்கள் உணர்வது ஆர்முடுகலை மட்டும். மாறாத வேகத்தில் போனால் அவை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டுப் படகு மெல்ல மெல்ல வேகமெடுப்பதைக் காட்டக் கூடாது. முதல் கணத்திலேயே முழு வேகம், பிறகு நெடுந்தீவு வரை அதே வேகம். சோளக அலையை அறவே விட்டுவிடுங்கள். விளையாடுபவரை நிற்க விடாமல் ஒரு கதிரையும் கொடுங்கள், ஃபானுக்கு நேர் கீழே இல்லாமல்.